யானையார் வெளிக்கிட்ட நாள்

சென்ற வருடம், பாடசாலைகளில் இரண்டாம் தவணை முடியப்போகும் நேரம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையின் மூன்றாம் தர வகுப்பறையில், சப்பாத்துக்குள் போடும் சாம்பல் நிறக் கால்மேசு ஒன்றை மூக்கில் கட்டிக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பது வயது தாண்டிய மனிதன் மூக்கில் ஏன் கால்மேசு கட்டினான் என்று சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம். அது உங்கள் விருப்பம்.

நான் சிறுவர்களுக்குப் பாட்டும் கதையும் எழுதுகிறவன். பெரியவர்களுக்கு எழுதும் கவிஞர்கள் என்னைக் கூட்டங்களில் கண்டால் தோளில் தட்டி, இன்னும் பூனைக்குட்டிதானோ என்று விசாரிப்பார்கள். ஓம், இன்னும் பூனைக்குட்டிதான். அச்சடித்த என் புத்தகங்களில் பாதி வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டில், கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாக உறங்குகின்றன. புத்தகம் பிள்ளைகளிடம் போகாவிட்டால் நானே போகலாமே என்று சில வருடங்களுக்கு முன் எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. அன்றிலிருந்து பிரிஸ்டல் போட் தாள்களில் கை அகல எழுத்துகளில் பாட்டை எழுதி, கயிறு கோத்து, ஒரு பெரிய புத்தகமாக்கி, கூப்பிடுகிற பாடசாலைக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறேன். அதைக் கரும்பலகையில் தொங்கவிட்டால் வகுப்பு முழுவதும் ஒரே புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இது நல்ல உதவி என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கிடைப்பது ஒரு பிளேன்டீயும் மீன் அடைத்த ஒரு மாலு பணிஸும். பணிஸ் சூடாக இருந்தால் நான் இரண்டு பாட்டு அதிகம் பாடுவேன்.

அந்தக் கால்மேசு, யானையின் தும்பிக்கை. உள்ளே பஞ்சு. அன்றைய பாட்டின் கதாநாயகர் யானையார்.

வகுப்பு ஆசிரியை கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். நாற்பத்துச் சொச்சம் பிள்ளைகளை ஒரு கண்ணசைவில் அடக்கக்கூடியவர். என்னை உள்ளே விடுவதற்கு முன் வராந்தாவில் நிறுத்தி, குரலைத் தணித்து ஒரு விஷயம் சொன்னார். ஜன்னலோரம் இரட்டைப் பின்னலோடு இருக்கும் சிறுமியை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாமாம். வருடத் தொடக்கத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து சேர்ந்தவள். அப்பாவுக்கு மருதானையில் ஒரு கராஜில் வேலை, அம்மாவுக்குத் துணிக்கடையில். வந்த முதல் கிழமை, அந்த ஒரு வாரம் மட்டும், ஏதோ கதைத்தாளாம். அதன் பிறகு வாயே திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்தபடி மரம் மாதிரி நிற்பாள்.

வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று கேட்டேன். இருந்தது என்றார். அம்மா வேலையால் வந்து இரவிரவாக ஏசுகிறார் என்று பிள்ளையே முதல் கிழமை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை அடுத்த நாளே தாயைக் கூப்பிட்டுப் பக்குவமாகப் புத்தி சொல்லி அனுப்பினாராம். அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டுப் போனாராம். ஆனால் பிள்ளையில் ஒரு முன்னேற்றமும் இல்லை.

"திங்கக்கிழமை அம்மாவ வரச் சொல்லியிருக்கு சேர். பிள்ளைய ரெண்டாம் தரத்தில கொண்டுபோய் இருத்தப் போறோம். எனக்கும் விருப்பமில்ல. ஆனா எழுத்துத் தெரியாத பிள்ளைய இங்க வச்சு நான் என்ன செய்ய?"

பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவாளாம். ஆனால் அது படம் பார்த்துக் கீறுவது மாதிரித்தான் என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஜன்னலோரம் பார்த்தேன். அந்தப் பிள்ளை மேசையில் நாடியை வைத்துக்கொண்டு, கீழே இறக்கிவிடப்போவது தெரியாமலோ தெரிந்தோ, என் மூக்கை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

நான் உள்ளே போனேன். பெரிய புத்தகத்தைப் பலகையில் கொழுவினேன். அட்டையைப் புரட்டிப் பாட்டுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டி, தளர்ந்துபோன தும்பிக்கைக் கயிற்றைத் தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டினேன். அப்போதுதான் பின்னாலிருந்து 'களுக்' என்று ஒரு சிரிப்பு. ஒன்றே ஒன்று. ஜன்னல் பக்கமிருந்து.

திரும்பினேன். எல்லாப் பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு உத்தமர்களாக இருந்தார்கள்.

முதுகைக் காட்டி நிற்கும்போது சிரிப்புக் கேட்டால் ஒரு நடுத்தர வயது ஆண்மகனுக்கு என்னென்ன ஐயங்கள் வரும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காற்சட்டை பின்னால் கிழிந்துவிட்டதோ? புதிதாக வெளியே தெரியத் தொடங்கியிருக்கும் என் வழுக்கையோ? மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தேன். தையல் பத்திரமாக இருந்தது. சரி, யாரோ பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, குரலைக் கனைத்து, தும்பிக்கையை ஆட்டி ஆட்டி வாசித்தேன்.

யானையார் வெளிக்கிட்டார்
அவசரமாய் வெளிக்கிட்டார்
வாளி நிறையத் தண்ணி கொண்டு
வாழைத் தோட்டம் வெளிக்கிட்டார்

முதல் வரி முடிவதற்குள் வகுப்பு வெடித்தது. அது சாதாரணச் சிரிப்பில்லை. வாங்கிலிருந்து சறுக்கி விழுந்து சிரிக்கிற சிரிப்பு. இரண்டாம் வரியில் சிலர் மேசையில் குத்தினார்கள். மூன்றாம் வரியில் வாளி வந்ததும் ஒருவன் கண்ணீர் விட்டு அழுதான். நாலாம் வரிக்கு ஆசிரியை வரவு இடாப்பால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடிவிட்டார்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இந்தப் பாட்டை நான் எழுதிக் கனகாலம். வெள்ளவத்தையில் பாடியிருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் பாடியிருக்கிறேன். பிள்ளைகள் புன்னகைப்பார்கள், கை தட்டுவார்கள். இப்படி விழுந்ததில்லை. பின்பக்கம் பத்திரம் என்றால் மிச்சம் இருப்பது முன்பக்கம். ஜிப்!

அந்த எண்ணம் வந்த கணத்தில் எனக்குள்ளிருந்த கவிஞன் செத்துப்போனான். குனிந்து பார்க்கலாமென்றால் தும்பிக்கை மறைக்கிறது. அதைத் தூக்கிப் பார்த்தால் தொப்பை மறைக்கிறது. கையால் தடவிப் பார்க்கலாமென்றால் எதிரில் பிள்ளைகள். பலகையிலிருந்து பெரிய புத்தகத்தைக் கழற்றிக் கவசமாக முன்னால் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து, மேசைக்குப் பின்னால் ஒளிந்தேன். பாட்டின் மிச்சம் முழுவதையும் அங்கிருந்தபடியே, ஒரு கையால் புத்தகத்தையும் மறு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு வாசித்து முடித்தேன். 'வெளிக்கிட்டார்' வரும் இடமெல்லாம் கூரை அதிர்ந்தது. அந்தப் பாட்டில் அது வராத இடமே இல்லை.

மணி அடித்ததும் கழிவறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜிப் மூடியிருந்தது. எனக்கு நிம்மதிக்குப் பதிலாகக் குழப்பம் இரண்டு மடங்கானது. குற்றம் அங்கேயுமில்லையென்றால் வேறெங்கே?

ஆசிரியை பிளேன்டீயைத் தரும்போது கண் சிவந்திருந்தது. ஏதும் பிழையோ மிஸ் என்று கேட்டேன். ஒன்றுமில்லை சேர், நல்லாயிருந்தது என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். மாலு பணிஸைக் கடிக்காமலே பையில் போட்டுக்கொண்டேன். கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கோச்சியில், அதுதான் ரயிலில், வரும்போது ஜன்னல் கண்ணாடியில் என்னை மேலிருந்து கீழ்வரை ஆராய்ந்தேன். எதிர்ச் சீட்டில் இருந்த பெண்மணி எழுந்து வேறிடம் போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் முறையிட்டேன். அவர் என்னை விளக்கடியில் நிறுத்தி, புடவைக்கடையில் துணி பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிழியவுமில்லை, ஒட்டவுமில்லை. வழமையான ஆள்தான். உங்களைப் பாத்தாச் சிரிக்கிறதுக்கு வேற காரணம் வேணுமே, அப்பா?"

பாட்டை அவருக்குப் பாடிக் காட்டினேன். நல்ல பாட்டுத்தானே என்றார். அவரும் என்னைப் போல யாழ்ப்பாணம்தான். எங்கள் இரண்டு பேருக்கும் இருபது வருடங்களாக ஒரே காதுதான்.

பொழுதுபடும் நேரத்தில் மனம் தாங்காமல் ஆசிரியைக்கு ஃபோன் எடுத்தேன். மிஸ், நான் இனியும் வகுப்புகளுக்குப் போகவேண்டும், ஒளிக்காமல் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். அந்தப் பக்கம் ஒரு இருமல்.

"சேர், குறை நினைக்காதீங்க. உங்கட ஆக்கள் வெளிக்கிடுறது எண்டா பயணம் புறப்படுறது. அது எனக்குத் தெரியும். ஆனா எங்கட பிள்ளைகள் பாதிப்பேர் தோட்டப் பக்கத்துச் சனம். அவங்களுக்கு வெளிக்கு எண்டா... கக்கூசுக்குப் போறது, சேர்."

ஃபோனைக் காதில் வைத்தபடி கதிரையில் உட்கார்ந்தேன். என் பாட்டு, என் சொந்தப் பாட்டு, ஒவ்வொரு வரியாக என் முன்னால் வந்து நின்றது. யானையார். அவசரமாய். வாளி நிறையத் தண்ணி கொண்டு. வாழைத் தோட்டம். இத்தனை வருடம் நான் என்ன பாடித் திரிந்திருக்கிறேன், கடவுளே! 'வெளிக்குப் போவது' எனக்கும் தெரிந்த சொல்தான். யாழ்ப்பாணத்திலும் சொல்வார்கள். ஆனால் நாளுக்கு நாற்பது தரம் வாயில் வரும் 'வெளிக்கிடு' என்ற சொல்லுக்குள் அது குந்தியிருப்பதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

நானும் சிரித்தேன், ஆசிரியையும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சிரித்துத் தீர்த்தார். நல்ல காலம் சேர், நீங்க அபிநயம் வேற பிடிச்சீங்க என்றார். மேசைக்குப் பின்னால் நான் ஒளிந்ததையும் பிள்ளைகள் அபிநயம் என்றுதான் எடுத்திருக்கிறார்கள்.

ஃபோனை வைத்து, தேநீர் குடித்து, பாதி ஆறிய பிறகுதான் மண்டையில் ஏதோ இடறியது. நான் முதுகைக் காட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது கேட்டதே அந்த முதல் 'களுக்'. அப்போது நான் பாட்டை வாசிக்கவே தொடங்கவில்லை. எழுத்து மட்டும்தான் பலகையில் தொங்கியது. வெளிக்கிட்டார் என்பதற்காக ஒருவர் அப்போதே சிரிக்க வேண்டுமென்றால், அவர் தானாகவே வாசித்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது ஜன்னல் பக்கமிருந்து.

திரும்பவும் ஃபோன் எடுத்தேன். ஆசிரியை நம்பவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. உங்கட தும்பிக்கையப் பாத்துச் சிரிச்சிருப்பாள் சேர் என்றார். ஜன்னலோரம் ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கு, ஆர் சிரிச்சதெண்டு கண்டீங்களா என்றார். நான் காணவில்லை. நான் என் காற்சட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் வகுப்பு போகிற நேரத்தில் நான் கொடுக்கக்கூடிய சாட்சி அவ்வளவுதான்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் விடாமல் கெஞ்சி, திங்கட்கிழமை காலை தாய் வரும்போது வகுப்பில் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு பக்கம் கொண்டுவருவேன். அதில் சிரிப்பாக ஏதாவது எழுதியிருக்கும். திறந்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவள் சிரித்தால் அவளுக்கு வாசிக்கத் தெரியும். ஆசிரியை சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. யானையார் இந்த முறை கண்ட இடமெல்லாம் போகக்கூடாது. அதிபரும் வந்தாலும் வருவார்.

பகிடி விடுகிறவன் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவனிடம், ஒரு பிள்ளையை நிச்சயமாகச் சிரிக்க வைக்கும் ஒரு வரி எழுது என்று சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? ஒன்றும் நடக்காது. சனிக்கிழமை முழுவதும் எழுதினேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, இது பகிடியோ, அறிவுரையோ என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் பார்த்து, பாவம் அந்த யானை என்றார். கடைசியில் திங்கட்கிழமை விடிந்து, கோச்சிக்கு நேரம் போகிறது என்று மனைவி வாசலில் நின்று சத்தம் போட, குந்தியிருந்து நாலு வரி கிறுக்கி, மை காய்வதற்குள் சுருட்டிக்கொண்டு ஓடினேன். யானையார் தொப்பிக் கடைக்குப் போகிறார். தலைக்கு அளவான தொப்பி கேட்கிறார். கடைக்காரர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் குளிக்கிற தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறார். தொட்டிதான் பகிடி. கோச்சியில் நின்றபடி நினைக்க நினைக்க அது பகிடியாகவே இல்லை.

தாய் எனக்கு முன்னரே வந்திருந்தார். கடைக்குப் போகும் சீருடைச் சேலையில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார். பிள்ளை வழக்கம் போல ஜன்னலோரம். தாயைக் கண்டும் அவள் சிரிக்கவில்லை, தாயும் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. வகுப்பில் சலசலப்பு. யானை சேர், யானை சேர் என்று காதோடு காது போனது. நான் தாளை விரித்துப் பலகையில் கொழுவிவிட்டு, ஒதுங்கி நின்று, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

முன்வாங்குப் பிள்ளைகள் தாங்களாகவே கோரசாக இழுத்து வாசித்தார்கள். "யானையார் தொப்பிக் கடைக்குப் போனார்." தொட்டி வந்ததும் கொஞ்சம் சிரித்தார்கள், மரியாதைக்கு. நான் அவர்களைப் பார்க்கவில்லை. என் கண் ஜன்னலோரம்.

அவள் சிரிக்கவில்லை. தொட்டியைக் கண்டு ஒரு அசைவில்லை. முதல் வரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை என்னைப் பார்த்தார். போதும் சேர் என்கிற பார்வை. இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்து, ஆசிரியையின் நேரத்தைக் கெடுத்து, ஒரு தாயை வாசலில் நிற்க வைத்து, நான் கேட்டது யாரோ கிள்ளுப்பட்ட பிள்ளையின் சத்தத்தைத்தானோ?

அந்தச் சமயம் அந்தச் சிறுமி மெதுவாகக் கையைத் தூக்கித் தலையைச் சொறிந்தாள். சொறிந்துகொண்டே அவள் முகம் கோணியது, தோள் குலுங்கியது, 'களுக்' என்றது. அதே 'களுக்'.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஜிப்பைத் தடவிப் பார்த்தேன்.

மூடித்தான் இருந்தது. என்ன பிள்ளை, என்ன என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் சிரிப்பை விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. வாசலில் நின்ற தாயை ஒருதரம் பார்த்தாள். பிறகு மிகச் சின்னக் குரலில் சொன்னாள்.

"அரவு இல்ல."

"என்ன இல்ல?"

"போனாருக்கு அரவு இல்ல, சேர். பேனார்னு எழுதியிருக்கு."

எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும் துணைக்காலை எங்கள் வகுப்பறைகளில் அரவு என்போம். நான் திரும்பி என் தாளைப் பார்த்தேன். கோச்சியைப் பிடிக்கிற அவசரத்தில் 'போ'வுக்குக் கொம்பைப் போட்டிருக்கிறேன், அரவை விட்டிருக்கிறேன். கை அகல எழுத்தில், பட்டப்பகலில், யானையார் தொப்பிக் கடைக்குப் 'பேனார்'. பேன்தான், மரியாதையோடு. திருவாளர் பேன், தொப்பிக் கடைக்கு.

போனார் என்றுதான் இருக்கும் என்று நினைத்து வாசித்த முன்வாங்குக்காரர்கள் இப்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் திரும்ப வாசித்தார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் எழுதியிருந்தேன், ஆசிரியையும் அப்படித்தான் வாசித்திருந்தார். அந்த வகுப்பில், இருந்த எழுத்தை இருந்தபடி வாசித்தது ஒரே ஒரு ஆள். அடுத்த நிமிடம் மூன்றாம் தரம் முழுவதும் பேனார், பேனார் என்று கத்திக்கொண்டு தலையைச் சொறிந்தது. நானும் சொறிந்தேன். ஆசிரியை இந்த முறை வராந்தாவுக்கு ஓடவில்லை. நேரே போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்து, மிச்ச மூன்று வரியையும் வாசி பார்ப்பம் என்றார். அவள் வாசித்தாள். தொட்டிக்கு அப்போதும் சிரிக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் வெற்றி வீரனாக வெள்ளவத்தைக்குத் திரும்பியிருப்பேன். ஆனால் வராந்தாவில் தாயிடம் ஆசிரியை கேட்டார், இவ்வளவு வாசிக்கிற பிள்ளை ஏன் அம்மா வாய் திறக்கிறாளில்லை என்று. அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது போர்டெல்லாம் படிக்கும், மருந்துப் போத்தலைக்கூடப் படிக்கும், ஆனால் இப்போது எல்லாம் வாய்க்குள்ளேதான் என்றார். வீட்டிலும் கதைப்பதில்லையா என்று ஆசிரியை கேட்க, அவர் குழம்பிப்போய்ப் பார்த்தார்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, ராத்திரியில பேசாதீங்க, புள்ள தூங்கட்டும்னு. அன்னையிலயிருந்து நான் பேசுறதே இல்லைங்க. அதுவும் பேசுறதில்ல."

ஆசிரியைக்கு உடனே பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. என் அறிவினால் இல்லை. மூன்று நாளாக ஒரு சொல்லில் தடுக்கி விழுந்து, முழங்கால் இன்னும் வலித்துக்கொண்டிருந்த காரணத்தினால். எங்களுக்குக் கதைப்பது என்றால் கதைப்பது, பேசுவது என்றால் ஏசுவது. தோட்டத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பேசுவது என்றால் கதைப்பதுதான். வேலையால் வந்த அம்மா இரவில் என்னோடு பேசிக்கொண்டே இருப்பாங்க என்று, புது வகுப்பில் முதல் கிழமை, ஆசையோடு அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறாள். அடுத்த நாள் அம்மாவைப் பாடசாலைக்குக் கூப்பிட்டார்கள். அன்று இரவிலிருந்து அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். வாயைத் திறந்து சொன்ன ஒரு விஷயத்துக்கு இவ்வளவும் நடந்தால், நானும்தான் பிறகு வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நான் இதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஆசிரியையின் முகம் போன போக்கை நான் எழுதப் போவதில்லை. அவர் நல்ல ஆசிரியை. ஒரு பிள்ளை ஏச்சு வாங்குகிறது என்று கேட்டதும் அடுத்த நாளே தாயைக் கூப்பிட்டவர். அவர் அந்த அம்மாவின் இரண்டு கையையும் கைப்பையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பேசுங்க அம்மா. இரவிரவாப் பேசுங்க. நான் ஏசாதீங்க எண்டு நினைச்சுத்தான் அப்பிடிச் சொன்னன், அம்மா."

அந்த அம்மா முதலில் விளங்காமல் நின்றார். பிறகு விளங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்புப் பாதியில் வேறு ஏதோவாக மாறியது. வகுப்பு வாசலில் வந்து நின்ற பிள்ளையைக் கண்டதும் குனிந்து ஏதோ பேசத் தொடங்கினார். கடைக்கு நேரம் போயிற்று, மணியும் அடித்தது, அவர் நிறுத்தவில்லை. என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிள்ளை நடு நடுவே தலையைச் சொறிந்து காட்டியதால், பேனார் கதையும் அதில் இருந்தது என்று மட்டும் தெரியும். அவள் மூன்றாம் தரத்திலேயே இருந்தாள், இருந்த அதே வாங்கில்.

இப்போதும் பாடசாலைகளுக்குப் போகிறேன். யானையார் பாட்டை மாற்றவில்லை. அந்த வாளியைக்கூட எடுக்கவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டேன். பக்கத்தைத் திறந்து வைத்ததும் முன்பு போல முந்திக்கொண்டு வாசிப்பதில்லை. வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். எங்காவது ஒரு மூலையிலிருந்து ஒற்றைச் சிரிப்பு வந்தால் என் கை பழக்கதோஷத்தில் இன்னும் ஜிப்புக்குத்தான் போகிறது. ஆனால் என் சொல் காதில் வேறு என்னவாக விழுந்திருக்கிறது என்று சிரித்த பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், நான் அடுத்த வரிக்கு வெளிக்கிடுவதில்லை.